குளவிக் கொட்டும் முதல் கால் மணி நேரமும்: மலையக ஈ.டி.யூ. ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நுவரெலியா மாவட்டத்தில், நாலு பக்கமும் தேயிலை மலைகள் சூழ்ந்த ஓர் ஆதார வைத்தியசாலையில் நடந்தது இது. அப்போது நான் அங்கே அவசர சிகிச்சைப் பிரிவில், எல்லாரும் ஈ.டி.யூ. என்று சொல்கிற இடத்தில், வைத்திய அதிகாரியாக இருந்தேன். யாரையும் எந்தத் தோட்டத்தையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

சம்பவத்துக்குச் சில காலம் முன்புதான் அவசர மருத்துவத்தில் விசேட பயிற்சி பெற்ற நிபுணர் ஒருவர் முதல்முறையாக எங்களுக்குக் கிடைத்தார். தென்மாகாணத்துக்காரர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாமல் வந்தவர், சீக்கிரமே "எங்க வலிக்குது, எப்பலேருந்து" என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார். அவர் வருவதற்கு முன் ஈ.டி.யூ. என்பது வாட்டில் கட்டில் காலியாகும்வரை நோயாளி படுத்திருக்கும் இடம், அவ்வளவுதான். அவர் வந்த பிறகு அவசர மருந்துத் தள்ளுவண்டியை ஒவ்வொரு காலையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றானது. வருகிறவர்களை நிலைமையைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தோம். மாதம் ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து இறப்புகளையும் மயிரிழையில் தப்பியவர்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். மற்ற வைத்தியசாலைகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு எங்கள் பிரிவுக்குப் பெயர் கிடைத்தது.

அந்த மாதாந்தக் கூட்டத்தில் ஒரு பக்கம் அனாபிலக்சிஸுக்கு, அதாவது உயிராபத்தான ஒவ்வாமை அதிர்ச்சிக்கு. அதில் 'இறப்பு' என்ற கட்டத்தில் மாதாமாதம் பூச்சியம்தான் இருக்கும். அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது.

குளவிக் கொட்டு மலையகத்துக்குப் புதிதில்லை. "குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில்" என்ற செய்தி அடிக்கடி வருகிறது. வாசிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். தோட்டத்தில் குளவி என்று சொல்வதில் பாதிக்கு மேல் உண்மையில் பெரிய மலைத்தேனீ. யூக்கலிப்டஸ் மரத்தின் உயரக் கிளையிலோ பாறை இடுக்கிலோ முறம் அகலத்துக்கு ஒற்றை அடையாகத் தொங்கும். பருந்து வந்து மோதினாலோ, பலத்த காற்றில் கிளை ஆடினாலோ மொத்தக் கூட்டமும் கீழே இறங்கும். கீழே இருப்பது கொழுந்து பறிக்கும் பெண்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, சரிவில், முதுகில் கூடையோடு நிற்பவர் எவ்வளவு வேகமாக ஓட முடியும்?

அன்று காலை

வெயில் காலம். ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்து இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் மலையில் இறங்கியிருந்தார்கள். ஒன்பதேகால் மணிக்குக் கொஞ்சம் பிந்தி ஒரு பருந்து அடையைக் கலைத்ததாகக் கங்காணி பிறகு சொன்னார். பெரும்பாலானவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பான படங்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு கீழ்ப்பக்கம் ஓடித் தப்பினார்கள். இந்த ஆய்வுக்கு மூன்று பேர் முக்கியம்.

முதலாமவர் 34 வயதுப் பெண். முந்திய வருடமும் ஒருமுறை கொட்டு வாங்கி உடம்பெல்லாம் தடித்தவர். இம்முறை பத்துக்கும் குறைவான கொட்டுகள்தான். சில நிமிடங்களில் உள்ளங்கை அரித்தது, வாந்தி வந்தது, கண் இருட்டி விழுந்தார். மற்றப் பெண்கள் படங்கில் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கொழுந்து லொறியில் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணிக்குக் கொஞ்சம் முன். அங்கே தோட்ட வைத்திய உதவியாளர் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டும், பிரிட்டோன் என்ற ஒவ்வாமை எதிர்ப்பு ஊசியும் போட்டு, ஓட்டோ பிடித்து எங்களிடம் அனுப்பினார். ஓட்டோவில் இரண்டு பெண்களுக்கு நடுவே உட்கார்த்தி வைத்து, சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

இரண்டாமவர் 52 வயது, முதலாமவருக்கு அத்தை. அவருக்கும் வாந்தி, தலைச்சுற்று. ஆனால் மயங்கவில்லை. கொஞ்ச நேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் திண்ணையில் படுத்திருந்தார். "இப்ப பரவாயில்ல" என்று சொன்னாராம். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைப் பேர்கூட, அதாவது அரை நாள் சம்பளம்கூட, விழாது என்ற கணக்கும் மனதில் இருந்திருக்கும்; கூட இருந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு உடம்பு மறுபடி முடியாமல் போகவே பக்கத்திலுள்ள சிறிய வைத்தியசாலைக்குப் போக எழுந்தார். படி ஏறி ரோட்டுக்கு நடந்தார். ஓட்டோவில் ஏறக் காலைத் தூக்கியபோது சரிந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

மூன்றாமவர் 41 வயது ஆண். பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், பெண்களின் சத்தம் கேட்டு உள்ளே ஓடி இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்தவர். கொட்டுகள் அதிகம் வாங்கியது அவர்தான், நூறுக்கு மேல். ஆனால் அவருக்கு ஒவ்வாமை வரவில்லை. மூச்சு, அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தன. வேறொரு வைத்தியசாலையில் வலி ஊசி போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஈ.டி.யூ.வில்

முதலாமவர் எங்கள் வாசலுக்கு வந்தபோது பத்தரை தாண்டியிருந்தது. கொட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல். கை கால் சில்லென்றிருந்தது, உதடு வீங்கியிருந்தது, நெஞ்சில் விசில் சத்தம். மேல் அழுத்தம் 60, கீழ் அழுத்தம் பிடிபடவில்லை. ஒட்சிசன் அளவு 84 வீதம்.

செய்தது எல்லாம் நடைமுறைப்படிதான். தட்டையாகப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினோம். தொடையின் முன்வெளிப் பக்கத்தில், தசையில், அட்ரினலின் 0.5 மில்லிகிராம், அதாவது ஆயிரத்துக்கு ஒன்று கரைசலில் அரை மில்லிலீட்டர். ஒட்சிசன், இரண்டு கையிலும் சேலைன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அதே அளவு அட்ரினலின். அதற்கும் போதிய பலன் இல்லாததால் இரத்த நாளம் வழியாக அட்ரினலின் சொட்டு ஆரம்பித்தோம். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பில் தெரிவதுபோல எஸ்.டி. பகுதி உயர்ந்திருந்தது. அழுத்தம் ஏற ஏற அது இறங்கி, ஒரு மணி நேரத்துக்குள் ஈ.சி.ஜி. பழைய நிலைக்கு வந்தது. ஒவ்வாமையின்போது வெளிப்படும் இரசாயனங்கள் இதயத்தின் இரத்தக்குழாயைச் சுருக்குவதால் வரும் இந்த நிலைக்கு கூனிஸ் நோய்க்குறித்தொகுதி என்று பெயர். 1991இல் விவரிக்கப்பட்டது. ஆதார வைத்தியசாலை ஒன்றில் அதைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம்.

அன்று பின்னேரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் கண் திறந்து பேசினார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகத் தயாரானார். துணி மாற்றிக்கொண்டிருந்தவர், நோயாளியின் பதிவேடான டிக்கட்டில் எழுதிக்கொண்டிருந்த தாதிய உத்தியோகத்தரிடம் கேட்டார்: "மிஸ், எங்க அத்தை எந்த வாட்டுல இருக்காங்க? போறதுக்கு முன்னுக்குப் பாத்துட்டுப் போகலாமா?"

தாதிக்கு அத்தை ஒருவர் இருந்ததே அப்போதுதான் தெரியும். வீட்டார் நோயாளியிடம் சொல்லாமல் மறைத்திருந்தார்கள். அடக்கம் முந்திய நாளே முடிந்துவிட்டது.

அதே நாள் மூன்றாமவர் எங்களிடம் வந்தார். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்றார். நஞ்சு தசைகளைச் சிதைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்திருந்தது. இரத்தச் சுத்திகரிப்புக்காகப் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினோம். சில வாரங்கள் கழித்துச் சிறுநீரகம் பழையபடி வேலை செய்ய ஆரம்பித்தது.

கூட்டத்தில் நடந்தது

அந்த மாதக் கூட்டத்தில் முதலாமவரின் விவரம் முன்வைக்கப்பட்டது. வந்து இரண்டு நிமிடத்துக்குள் அட்ரினலின், பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி., ஒழுங்கான பதிவுகள். எல்லாருக்கும் சந்தோஷம். கூனிஸ் பற்றிச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்று இளம் வைத்தியர் ஒருவர் ஆர்வமாக இருந்தார். அதில் தவறு ஏதும் இல்லை. விசேட துறையில் முன்னுக்கு வர நினைக்கிறவருக்குக் கட்டுரை வேண்டும்.

மேடம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 'இறப்பு' என்ற கட்டத்தில் வழக்கம்போல் பூச்சியம். "அத்தை எந்தக் கட்டத்தில் வருகிறார்?" என்று கேட்டார். அவர் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. எங்கள் வாசலுக்கு வராதவர். உயிரோடு எந்த வாட்டிலும் அனுமதிக்கப்படாதவர். திடீர் மரண விசாரணை அதிகாரியின் புத்தகத்தில் மட்டும் இருந்தார். எங்கள் பூச்சியம் பொய்யில்லை. ஆனால் அது வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்களின் கணக்கு மட்டும்.

அதோடு இன்னொன்றும் கேட்டார். முதலாமவருக்குக் கொட்டியதிலிருந்து முதல் அட்ரினலின்வரை எவ்வளவு நேரம்? டிக்கட்டில் வந்த நேரம் இருந்தது, ஊசி போட்ட நேரம் இருந்தது. கொட்டிய நேரம் இல்லை. பழைய டிக்கட்டுகளை எடுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான். 'குளவிக் கொட்டு, காலை' என்று மட்டும் இருந்தது. இந்த ஆய்வில் நான் சொல்லியிருக்கும் காலை நேரங்களெல்லாம் பிறகு கங்காணியிடமும் லொறிச் சாரதியிடமும் கேட்டுத் தொகுத்தவை.

இந்த நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? பிரிட்டனில் அனாபிலக்சிஸ் மரணங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், பூச்சி நஞ்சால் இறந்தவர்களில் இதயம் நிற்கும்வரையான இடைநிலை நேரம் 15 நிமிடம். எங்கள் ஈ.டி.யூ. எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், தோட்டத்து ரோட்டில் 15 நிமிடத்தில் அதை எட்ட முடியாது. அதே ஆய்வாளர் 2003இல் இன்னொன்றையும் காட்டினார்: அதிர்ச்சியில் படுத்திருந்தவரைத் திடீரென்று எழுப்பி உட்கார்த்துவதாலும் நிற்க வைப்பதாலும் சில மரணங்கள் நிகழ்ந்திருக்கின்றன. விரிந்துபோன இரத்தக்குழாய்களில் இரத்தம் கீழே தங்கி, இதயத்துக்குத் திரும்பி வருவதற்கு எதுவும் இல்லாமல் போகிறது. அத்தை படியேறி, ஓட்டோவில் காலை வைத்தபோது சரிந்ததற்கு இது பெரும்பாலும் பொருந்துகிறது.

டிஸ்பென்சரியில் கண்டது

ஒரு சனிக்கிழமை மேடம், ஒரு தாதிய உத்தியோகத்தர், நான் மூவரும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். அட்ரினலின் அங்கே இருக்காது என்று நினைத்துத்தான் போனோம். இருந்தது. பூட்டிய அலுமாரியில், பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், காலாவதியாகாமல். கம்பனி ஒழுங்காக வாங்கிக் கொடுத்திருக்கிறது. பெட்டி பிரிக்கப்படவே இல்லை.

தோட்ட வைத்திய உதவியாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர், அனுபவசாலி. தொழிலாளர்கள் அவரை டொக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மறைக்காமல் சொன்னார்: "மேடம், அது இதயம் நின்ன பிறகு போடுற மருந்துன்னுதான் நான் கேள்விப்பட்டது. உயிரோட பேசிக்கிட்டிருக்கிற மனுசிக்கு நான் அதப் போட்டு, அதுக்கப்புறம் ஏதாவது ஆச்சுன்னா, நாளைக்குத் தோட்டத்துல எனக்காக யார் பேசுவா?"

எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. ஹைட்ரோகோர்ட்டிசோன் போட்டு நோயாளி இறந்தால் 'டொக்டர் ஐயா முடிஞ்சதச் செஞ்சார்' என்பார்கள். அட்ரினலின் போட்டு இறந்தால் 'ஊசி போட்டுக் கொன்னுட்டார்' என்பார்கள். மருத்துவ உண்மை நேர்மாறானது. ஸ்டீரொயிட் வேலை செய்யவே மணிக்கணக்கு ஆகும். பிரிட்டோன் அரிப்பைக் குறைக்கும், அழுத்தத்தை உயர்த்தாது. பிரித்தானியாவின் புத்துயிரூட்டல் கவுன்சில் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில் இந்த இரண்டையும் முதற்கட்ட அவசர சிகிச்சையிலிருந்தே எடுத்துவிட்டது. முதல் மருந்து அட்ரினலின். ஆனால் தனியாக ஒரு மலையில் நிற்கும் ஒருவருக்கு வழிகாட்டல் இருந்தால் மட்டும் போதாது, பின்னால் ஆளும் வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் பேசியது அம்புலன்ஸ் பற்றி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய நல்ல சேவை, இலவசமும்கூட. ஆனால் அது மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் ஏறி வருவதற்குள் முதல் கால் மணி நேரம் போய்விடும். கூப்பிட வேண்டும், அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று தீர்மானித்தோம்.

அடுத்து, கங்காணிகளுக்கே ஊசி போடப் பழக்கலாம் என்று தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் சொன்னார். வெளிநாடுகளில் உள்ளதுபோல் தானே ஏறும் ஊசிக் கருவி சாதாரணமாகக் கிடைத்தால் யோசிக்கலாம். குப்பியை உடைத்து அளந்து எடுக்கிற வேலையைப் பதறிப்போயிருக்கும் ஒருவரிடம் கொடுப்பதற்கு மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குப்பியில் இருப்பது முழு ஒரு மில்லிகிராம். முழுவதையும் போட்டாலோ, இரத்த நாளத்தில் போட்டாலோ ஆபத்து. ஆகவே ஊசி டிஸ்பென்சரியோடு நிற்கும், மலையில் செய்ய வேண்டியதைக் கங்காணிகளும் பெண்களும் செய்வார்கள் என்று பிரித்தோம். மலையில் செய்வது இரண்டே விஷயம்: படுக்க வைத்துக் காலை உயர்த்துவது, எழும்ப விடாமல் படங்கிலேயே தூக்கி வருவது. மூச்சு முட்டினால் மட்டும் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தலாம்.

மூன்றாவதுதான் அதிகம் வாதாடிய விஷயம். தோட்ட வைத்திய உதவியாளர் ஊசி போடுவதற்கு முன் ஈ.டி.யூ.வுக்கு அழைத்து அனுமதி கேட்க வேண்டும் என்று எங்களில் சிலர் நினைத்தோம். மேடம் மறுத்தார். சிக்னல் கிடைக்காத மலைகள் பாதி. கிடைத்தாலும் எங்கள் தொலைபேசியை எடுக்கிறவர் வேறொரு நோயாளியிடம் இருக்கலாம். முதலில் ஊசி, பிறகு அழைப்பு. அதற்கான பொறுப்பைத் தன் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தார். இன்ன அறிகுறி இருந்தால் இன்ன அளவு அட்ரினலின் போடுவது தன் அறிவுறுத்தலின்படிதான் என்று ஒரு பக்கக் கடிதம். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் ஒப்புதலும் அதில் சேர்ந்தது. டொக்டர் ஐயா அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்.

இன்னொரு வாதம் மேடத்துக்குக் கைகொடுத்தது. இலங்கையில் எந்தத் தடுப்பூசிக் கிளினிக்கிலும் அட்ரினலின் உள்ள அவசர மருந்துத் தட்டு இல்லாமல் ஊசி போட ஆரம்பிக்கக் கூடாது. தோட்டத்துக்கு வரும் குடும்பநல மாது அந்தத் தட்டோடுதான் வருகிறார். அதே கட்டடத்தில் கிளினிக் நாளில் மேசைமேல் இருக்கும் மருந்து, மற்ற நாட்களில் ஏன் அலுமாரிக்குள் பயந்துபோய்க் கிடக்க வேண்டும்?

சக நிபுணர்கள் எல்லாரும் இதை ரசிக்கவில்லை. "இது சுகாதார வைத்திய அதிகாரியின் வேலை, நம்முடையது இல்லை" என்று ஒருவர் நேராகவே சொன்னார். ஈ.டி.யூ.வில் ஆள் போதாத காலம் அது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போனவர்களின் இடங்கள் நிரம்பியிருக்கவில்லை. அந்த நேரத்தில் நிபுணர் தோட்டம் தோட்டமாகப் போவது சரியா என்பது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி அல்ல. என் கருத்து, அவர் போனது சரி. வாசலுக்கு வெளியே சாகிறவரை யாருடைய துறை என்று பிரித்துக்கொண்டிருந்தால் அவர் எல்லாத் துறைகளுக்கும் நடுவே விழுந்துவிடுவார். ஆனால் அவர் போன நாட்களில் ஈ.டி.யூ.வில் நின்றவர்களுக்கு வேலை இரண்டு மடங்கு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பயிற்சி

சுற்றுவட்டாரத் தோட்டங்களின் வைத்திய உதவியாளர்களைக் கூப்பிட்டு அரைநாள் பயிற்சி வைத்தோம். விளக்கவுரை குறைவு, கைவேலை அதிகம். எங்களுக்குத் தெரியாத பல விஷயங்கள் அங்கேதான் வெளிவந்தன.

டிஸ்பென்சரிகளில் இருந்தது பெரும்பாலும் ஐந்து மில்லிலீட்டர் சிரிஞ்ச். அதில் அரை மில்லிலீட்டரை அளப்பது கண் மதிப்புதான். ஒரு மில்லிலீட்டர் சிரிஞ்ச் என்று கேட்டால் சிலர் இன்சுலின் சிரிஞ்சை எடுத்துக் காட்டினார்கள். அதன் கோடுகள் மில்லிலீட்டரில் இல்லை, ஊசியும் தசைக்கு எட்டாத குட்டை ஊசி. ஆகவே ஒரு மில்லிலீட்டர் சாதாரண சிரிஞ்ச், 25 மில்லிமீட்டர் நீள ஊசி, இரண்டு குப்பி, குப்பி உடைக்கப் பஞ்சு, அளவு எழுதிய அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டோம். பெரியவருக்கு 0.5, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 0.3, அதற்குக் கீழே 0.15 மில்லிகிராம்.

துணிக்கு மேலாகவே போடலாம் என்று வழிகாட்டல்கள் சொல்கின்றன. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரை வேலை உடையோடு வரச்சொல்லிப் பார்த்தபோது நிலைமை வேறு. பாவாடை, அதன்மேல் பழைய சேலை, அதன்மேல் தடித்த படங்கு. ஊசி முனை படங்கிலேயே நின்றுவிடும். "படங்கை அவிழ், மற்றத் துணிக்கு மேல் குத்து" என்று அட்டையில் தனியாக எழுதினோம். ஆண் வைத்திய உதவியாளர், பெண்ணின் தொடை, சுற்றிலும் ஆட்கள்; துணியை விலக்க வேண்டியதில்லை என்றதும் அந்த அறையில் பலருடைய முகம் தெளிந்தது. கையில் போட்டால் என்ன என்று அதுவரை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததன் காரணமும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தோட்டங்களை நிர்வகிக்கும் துரைமாரோடு பேசியது நீண்ட கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். டப்பாவைக் கம்பனிதான் வாங்க வேண்டியிருந்தது. செலவு பெரிதில்லை, இழுபறி அதில் இல்லை. இழுபறி பேர் விஷயத்தில். கொட்டு வாங்கியவர் அன்று எவ்வளவு பறித்திருந்தாலும் முழுப் பேர் போட வேண்டும் என்று கேட்டோம். இல்லாவிட்டால் ஆட்கள் தலைச்சுற்றோடு கொழுந்து பறித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தோட்டத்துத் துரை சம்மதித்தார். பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள்.

பிறகு நடந்தவை

அடுத்த வெயில் காலத்தில் வேறொரு மலையில் அடை கலைந்தது. இருபத்தைந்து வயதுப் பெண், அதே வாந்தி, அதே மயக்கம். பெண்கள் அவரை எழும்ப விடவில்லை. படங்கிலேயே டிஸ்பென்சரி மேசைவரை வந்தார். டொக்டர் ஐயா தொடையில் போட்டுவிட்டு எங்களை அழைத்தார். அவர் குரல் நடுங்கியது. "போட்டுட்டேன் மேடம், இப்ப என்ன செய்யிறது?" ஐந்து நிமிடம் பார்த்து, அழுத்தம் 90க்குக் கீழே இருந்தால் மறுபடி போடச் சொன்னார் மேடம். தேவைப்படவில்லை. அந்தப் பெண் எங்களிடம் வந்தபோது பேசிக்கொண்டு வந்தார், படுத்தபடி. அறிகுறிகள் திரும்பி வரலாம் என்பதால் அன்றிரவு வைத்திருந்து அனுப்பினோம்.

எல்லாம் இப்படி அழகாக நடக்கவில்லை. இன்னொரு தோட்டத்தில் கை வீக்கம் மட்டும் இருந்த ஒருவருக்குப் பயத்தில் அட்ரினலின் போட்டார்கள். நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, அரை மணி நேரத்தில் சரியானார். துரையிடமிருந்து முறைப்பாடு வந்தது. மேடம் வைத்திய உதவியாளரைக் குறை சொல்லாமல் பதில் எழுதினார்: தேவையில்லாமல் போட்டதால் வந்த படபடப்பைவிட, தேவைப்பட்டும் போடாமல் விடுவதன் விலை பெரிது. மூன்றாவது சம்பவம் ஞாயிற்றுக்கிழமை. அலுமாரிச் சாவி டொக்டர் ஐயாவோடு ஹட்டனுக்குப் போயிருந்தது. நோயாளி தப்பினார், அது அதிர்ஷ்டம்.

ஈ.டி.யூ.வில் இரண்டு மாற்றங்கள் வந்தன. டிக்கட்டில் 'கொட்டிய நேரம்', 'முதல் அட்ரினலின், எங்கே' என்று இரண்டு வரிகள் சேர்ந்தன. ஐம்பதுக்கு மேல் கொட்டு வாங்கியவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வைத்திருந்து, சிறுநீரின் நிறத்தையும் அளவையும் பார்த்து, இரத்தப் பரிசோதனை செய்த பிறகே அனுப்புவது என்றானது. மூன்றாமவரிடமிருந்து கற்றது அது.

மாதாந்தக் கூட்டத்துக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரியிடமிருந்து விவரம் கேட்டு வாங்கி, வாசலுக்கு முன்னே இறந்தவர்களையும் சேர்த்தோம். பூச்சியம் போய்விட்டது. வருடக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி: "உங்கள் பிரிவில் அனாபிலக்சிஸ் மரணம் ஏன் கூடியிருக்கிறது?" விளக்கம் எழுதினோம். ஏற்றுக்கொண்டார்களா என்பதற்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் எங்களை உதாரணமாகக் காட்டவும் இல்லை.

கூனிஸ் கட்டுரையை இளம் வைத்தியர் எழுதினார். மேடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: வாசலுக்கு வருவதற்கு முன் கழிந்த நேரத்தைப் பற்றியும், கூட வந்திருக்க வேண்டிய மற்றவரைப் பற்றியும் ஒரு பத்தி இருக்க வேண்டும்.

முதலாமவர் மறுபடி மலைக்குப் போகப் பயந்தார். நஞ்சுக்கு உடலைப் பழக்கும் தொடர் ஊசிச் சிகிச்சையை எங்கள் வைத்தியசாலையில் செய்ய வழியில்லை. மறுபடி கொட்டினால் உயிருக்கு ஆபத்து என்று மேடம் கடிதம் கொடுத்தார். அதை வைத்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. அத்தையின் குடும்பம் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டம். வேலை நேரத்தில் வேலையால் நேர்ந்த மரணம் என்று காட்ட வேண்டும். நாங்கள் தொகுத்த நேரங்களும் கங்காணியின் வாக்குமூலமும் அங்கே உதவின. நாங்கள் அதற்காகத் தொகுக்கவில்லை.

இனி மாற வேண்டியவை

மேடம் இப்போது அங்கே இல்லை, இடமாற்றம். அடுத்து வந்தவரின் ஆர்வம் வீதி விபத்துகளில், அதுவும் தேவையானதுதான். ஆனால் எழுதிக் கொடுத்த கடிதம் ஒருவருடைய கையெழுத்தில் நிற்கிறது. நிபுணர் மாறும்போதெல்லாம் அதைப் புதுப்பிக்க வேண்டும். முதலிலேயே அது பதவியின் பெயரில், பணிப்பாளர் அலுவலகத்தின் சுற்றறிக்கையாக வந்திருக்கலாம். இப்போது அதற்கான முயற்சி நடக்கிறது.

சாவி விஷயத்தில் ஒரு தோட்டம் நல்ல வழி கண்டுபிடித்தது. டப்பாவைப் பூட்டிய அலுமாரியிலிருந்து எடுத்து, முத்திரை உடைத்தால் தெரியும்படி ஒட்டி, எப்போதும் ஆள் இருக்கும் தொழிற்சாலைக் காவலறையில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போடுவதற்கு ஆள் யார் என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. பக்கத்துத் தோட்டங்களின் வைத்திய உதவியாளர்கள் முறை வைத்து ஒருவர் எப்போதும் கிடைக்கும்படி செய்யலாம் என்று டொக்டர் ஐயாவே யோசனை சொல்லியிருக்கிறார். கம்பனிகள் வேறு வேறு என்பதுதான் அதில் சிக்கல்.

படுக்க வைக்கும் பாடத்தைக் கங்காணிகளுக்குச் சொன்னது போதவில்லை. மலையில் முதலில் பக்கத்தில் இருப்பது அடுத்த நிரையில் பறிக்கும் பெண்தான். இப்போது பெரட்டில், வெயில் காலம் தொடங்குவதற்கு முன், ஒருவரைப் படங்கில் கிடத்தித் தூக்கிக் காட்டுகிறார்கள். இரண்டு தோட்டங்களில் அதைப் பெண்களே நடத்துகிறார்கள். மற்ற இடங்களில் கணக்கப்பிள்ளை அட்டையை வாசித்துக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

முழுப் பேர் விஷயம் மேலிடத்தைக் கேட்கப் போன தோட்டத்தில் இன்னும் முடிவாகவில்லை. அங்கிருந்து வருகிறவர்களின் டிக்கட்டில் கொட்டிய நேரத்துக்கும் புறப்பட்ட நேரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மற்றத் தோட்டங்களைவிடப் பெரிதாக இருக்கிறது. அந்த டிக்கட்டுகளின் விவரங்களை, பெயர்களை நீக்கி, கம்பனிக்கு அனுப்பியிருக்கிறோம்.